நாட்குறிப்புக்கு மதிப்பெண் இடுவது எப்படி?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

நாட்குறிப்பு என்பது ஒருவர் தமக்கென்று எழுதிக்கொள்வது. அதற்குப் பிறர் மதிப்பெண் இடலாமா? இடலாம் என்றால் எதைக் கொண்டு இடுவது? இந்தக் கேள்வி சென்ற டிசம்பர் மாதம் வரையில் எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தால் 34 நோட்டுப் புத்தகங்களை இரண்டே மாலைப் பொழுதில் திருத்தி முடித்திருக்க மாட்டேன்.

நடந்ததை முதலில் கூறிவிடுகிறேன். நம் பள்ளித் தமிழ் இலக்கிய மன்றத்தின் சார்பில் எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. நவம்பர் மாதம் 30 நாளும் நாட்குறிப்பு எழுத வேண்டும். நோட்டை அவரவர் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். மாத முடிவில் மன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். முதற்சுற்றில் மதிப்பெண் இடும் பொறுப்பைப் பத்தாம் வகுப்பு மாணவியர் இருவரிடம் விட்டார்கள். அந்த இருவர் நானும் என் தோழியும். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசிரியைகளைப் போலவே சிவப்பு மைப் பேனா ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டோம்.

மதிப்பெண் தாளை நாங்களே வகுத்தோம். நடைக்கு 10, பிழையின்மைக்கு 10, கையெழுத்துக்கு 10, பக்க அமைப்புக்கு 10, அழகுக்கு 10; ஆக 50. பார்ப்பதற்கு மிகவும் நியாயமான தாள். இப்போது எண்ணிப் பார்த்தால், நோட்டைப் படிக்காமல் கண்ணால் பார்த்தே போடக்கூடிய மதிப்பெண் அதில் 30 இருந்தது தெரிகிறது!

முதலிடம் பெற்ற நோட்டுக்கு 46 போட்டோம். ஊதா நிற வெல்வெட் அட்டை. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த பூக்கொடி. தலைப்பில் மினுமினுக்கும் ஸ்டிக்கர். முத்து முத்தான எழுத்து. ஒற்றுப்பிழைகூட இல்லை. நாள்தோறும் கிழக்கே கதிரவன் தன் பொற்கதிர்களை வீச, பறவைகள் பண்ணிசைக்க, எழுதியவள் துயில் நீங்கி எழுகிறாள். படிக்கப் படிக்க எங்கள் கட்டுரை நோட்டைப் படிப்பதுபோல் இன்பமாக இருந்தது.

கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்த நோட்டுக்கு 19. அது புது நோட்டுகூட அன்று. சென்ற ஆண்டுக் கணக்கு நோட்டில் மிஞ்சிய தாள்கள். முன்பாதியில் இயற்கணிதம் அப்படியே இருந்தது. 12ஆம் தேதி வரை நீல மை, பிறகு நான்கு நாள் பென்சில், அதன்பின் கறுப்பு மை. சில நாள் இரண்டே வரி. ஒரு நாள் மூன்று பக்கம். ‘ழ’வும் ‘ள’வும் இடம் மாறிக் கிடந்தன. போதாக்குறைக்கு, நடுவில் இரண்டு பக்கங்கள் ஓரமெல்லாம் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தன. அமைப்புக்கு 1 என்று போட்டேன். அந்த ஒட்டிய பக்கங்களைப் பார்த்தபோது இன்னொன்றும் செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் எங்கள் தாளை வாங்கிப் பார்த்தார்கள். முதலிடம் பெற்ற நோட்டைக் கையில் எடுத்து, மூடி வைத்துக்கொண்டு, “சரி, இந்தப் பிள்ளைக்கு நவம்பர் மாதத்தில் என்ன நடந்தது? சொல் பார்ப்போம்” என்றார்கள்.

நான் விழித்தேன். என் தோழி, “தினமும் சீக்கிரம் எழுந்திருக்கிறாள், சிஸ்டர்” என்றாள்.

“நல்ல பழக்கம்தான். மழைக்காக மூன்று நாள் பள்ளிக்கு விடுமுறை விட்டோமே, அந்த நாள்களில் என்ன எழுதியிருக்கிறாள்?”

புரட்டினோம். அந்த மூன்று நாளும் கதிரவன் பொற்கதிர் வீசிக்கொண்டிருந்தான்.

“அந்தப் பழைய நோட்டுக்காரி என்ன எழுதியிருக்கிறாள்?”

அதைப் புரட்ட வேண்டியே இருக்கவில்லை. எனக்கு நினைவில் இருந்தது. அவள் எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை இங்கே சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். மழை நாளன்று அவர்கள் வீடு ஐந்து இடத்தில் ஒழுகியது. வைப்பதற்குப் பாத்திரம் நான்குதான் இருந்தது. ஐந்தாவது இடத்தில் தம்பி தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தான். அது நிறைய நிறைய எழுந்து எழுந்து கொட்டியதால் இரவெல்லாம் அவனுக்கு உறக்கமில்லை. விடிந்து, பள்ளிக்கு விடுமுறை என்று தெரிந்ததும் டிபன் பாக்ஸின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டான். இவ்வளவும் அவள் நோட்டில் ஐந்தே வரி.

சிஸ்டர் சிரித்துவிட்டு, “இரண்டு நோட்டையும் நீ ஒரே நாளில்தானே படித்தாய்? ஒன்று நினைவில் இருக்கிறது, மற்றொன்று இல்லை. உன் தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லையே” என்றார்கள். பிறகு அலமாரியிலிருந்து சில நூல்களை எடுத்துக் கொடுத்து, முதலில் அவற்றைப் படித்துவிட்டு அப்புறம் சிவப்புப் பேனாவைத் தொடும்படி சொன்னார்கள். அவற்றில் கற்றதைத்தான் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் நூல் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. அந்தப் பெயர் நம்மில் பலருக்கும் தெரியும். ஆனால் அது எப்படிப்பட்ட நோட்டில் எழுதப்பட்டது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. 1942ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஆனுக்கு 13 வயது நிறைந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அட்டையுடைய நோட்டு ஒன்று பிறந்தநாள் பரிசாகக் கிடைத்தது. உண்மையில் அது தோழியரிடம் கையொப்பம் வாங்குவதற்கான ஆட்டோகிராப் நோட்டு. அதைத்தான் அவள் நாட்குறிப்பாக்கிக்கொண்டாள். ஒரு மாதம் கழியுமுன், ஜூலை 6ஆம் நாள், யூதர்களான அவள் குடும்பத்தினர் நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாம் நகரில் தந்தையின் தொழில் நடந்த கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டனர். பின்னர் வேறு நால்வரும் சேர, எட்டுப் பேர் வெளியே தலைகாட்டாமல் அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

அந்த முதல் நோட்டின் பக்கங்களை இன்று படங்களில் காணலாம். தன் நிழற்படங்களை ஒட்டி, அவற்றுக்குக் கீழே குறும்பாக ஏதேதோ எழுதியிருக்கிறாள். சில இடங்களில் கூட்டெழுத்து. சில இடங்களில் தனித்தனி எழுத்து. பழைய பக்கங்களை 1944இல் திரும்பப் படித்தபோது, கிடைத்த இடத்தில் புதுக் கருத்தைச் சேர்த்து எழுதியிருக்கிறாள். நோட்டு தீர்ந்ததும் வேறு நோட்டுகளில் தொடர்ந்தாள். எங்கள் மதிப்பெண் தாளை அவளிடம் நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘கையெழுத்து ஒரு சீராக இல்லை, பக்கங்களில் ஒழுங்கு இல்லை’ என்று எழுதி 50க்கு 25 போட்டிருப்போம். அந்தக் கையெழுத்துப் படிகளைத்தான் யுனெஸ்கோ நிறுவனம் 2009ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்த நோட்டுகளை எங்களைவிடக் கடுமையாக மதிப்பிட்டவர்களும் உண்டு. அந்த நாட்குறிப்பு போலி என்று சிலர் பழி தூற்றியபோது, நெதர்லாந்து அரசின் தடயவியல் ஆய்வுக்கூடத்தார் அதன் தாள், மை, பசை, கையெழுத்து எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். எல்லாம் உண்மையே என்ற முடிவு 1986ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுப் பதிப்பில் அச்சிடப்பட்டது. சீராக இல்லாத அந்த எழுத்தும் ஒட்டுப் போட்ட பக்கமும் அங்கே சாட்சி சொல்லின.

ஆயினும் ஆன் கவனமில்லாமல் எழுதினாள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 1944ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், லண்டனிலிருந்து டச்சு மொழியில் ஒலிபரப்பான வானொலியில் பொல்கஸ்டைன் என்ற அமைச்சர் பேசினார். போர்க்காலத்தில் மக்கள் எழுதிய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போர் முடிந்தபின் திரட்ட வேண்டும் என்றார். அதைக் கேட்ட ஆன், மே மாதத்தில் தன் நாட்குறிப்பு முழுவதையும் தனித் தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். இருநூறுக்கு மேற்பட்ட தாள்கள்! முதலில் பல கற்பனைத் தோழியருக்குக் கடிதமாக எழுதியிருந்ததை மாற்றி, எல்லாவற்றையும் ‘கிட்டி’ என்ற ஒரே தோழிக்கு எழுதுவதாக அமைத்தாள். சலிப்பூட்டிய இடங்களை வெட்டினாள். விளங்காத இடங்களை விரித்தாள். உடன் ஒளிந்திருந்தவர்களுக்குப் புனைபெயர் சூட்டினாள். தன் அறையைப் பங்குபோட்டுக்கொண்ட பல் மருத்துவருக்கு அவள் வைத்த பெயர் ஜெர்மன் மொழியில் ‘மடையன்’ என்று பொருள்படுவது! அவருக்கும் அவளுக்கும் மேசையைப் பயன்படுத்துவதில் ஓயாத சண்டை என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இங்கே நான் கற்றது ஒன்று. நோட்டில் எழுதியபோது அவள் தனக்காக எழுதினாள். தாளில் எழுதியபோது நமக்காக எழுதினாள். இரண்டாவதில் ஒழுங்கு தேவைப்பட்டது, ஏனென்றால் படிக்க ஒருவர் வரப்போகிறார். அந்த ஒழுங்கைத் தந்தவளும் அவளே. 1944 ஆகஸ்டு 4ஆம் நாள் எல்லாரும் பிடிபட்டார்கள். தரையில் சிதறிக் கிடந்த நோட்டுகளையும் தாள்களையும், அவர்களுக்கு உதவி வந்த மீப் கீஸ் என்னும் பெண்மணியும் அவருடன் அலுவலகத்தில் பணிபுரிந்த இன்னொரு பெண்ணும் திரட்டினார்கள். மீப் கீஸ் அவற்றை மேசை இழுப்பறையில் வைத்துப் பாதுகாத்தார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஆன் 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டாள். அப்போது அவள் வயது 15. என் வயது. தப்பி வந்த தந்தை ஓட்டோ ஃபிராங்க், நோட்டையும் தாளையும் சேர்த்து 1947 ஜூன் 25ஆம் நாள் நூலாக வெளியிட்டார்.

முதல் நோட்டில் இரண்டு பக்கங்களைப் பழுப்புக் காகிதம் ஒட்டி அவள் மூடி வைத்திருந்தாள். ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பக்கங்களைப் பின்புறமிருந்து ஒளி பாய்ச்சிப் படமெடுத்து, கணினியின் துணையால் படித்ததை 2018ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அடித்துவிட்ட சில வரிகளும் சில வேடிக்கைத் துணுக்குகளும் இருந்தனவாம். இந்த இடத்துக்கு வந்ததும் நான் நூலை மூடிவிட்டேன். காரணம் பின்னால் புரியும்.

அடுத்தது நம் நாட்டு நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதியது. துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, சரக்கு என்ன விலை போயிற்று, ஆளுநர் டூப்ளே எதற்குச் சினந்தார் என்று ஒரு வணிகர் கணக்கு எழுதுவதுபோல் எழுதிச் செல்கிறார். ஒரு வாக்கியம் எங்கே முடியும் என்று தேடத் தேட அது நீண்டுகொண்டே போகிறது. பேச்சுத் தமிழும் அக்காலத்துப் பிறமொழிச் சொற்களும் கலந்து வரும். இன்று தமிழ்த் தேர்வில் இப்படி எழுதினால் தேற முடியாது என்று எங்கள் தமிழாசிரியையே சொன்னார்கள். ஆனால் நாள், கிழமை, தமிழ் மாதம், ஐரோப்பியத் தேதி எல்லாம் அவர் தவறாமல் குறித்திருக்கிறார். அவருக்கு வேண்டிய அமைப்பு அதுதான்; வணிகருக்குத் தேதி தவறக் கூடாதல்லவா? அந்தத் தேதிகளால்தான் வரலாற்றாசிரியர்கள் இன்றும் அவரை நாடுகிறார்கள். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. பூக்கொடி ஓரம் ஒரு பக்கத்திலும் இல்லை.

இங்கிலாந்தில் சாமுவேல் பெப்பிஸ் என்பவர் 1660 முதல் 1669 வரை தம் நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில் எழுதினார். 1825இல்தான் அது முதன்முதலாக அச்சேறியது. அவருக்குக் கையெழுத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? எங்கள் தாள் அங்கே திண்டாடிப் போகும்.

நம் சிஸ்டர்களுக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. சிறுமலர் தெரேசம்மாள் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியது பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் மலிவான நோட்டில். மடத்துத் தலைவியாக இருந்த அவருடைய சொந்த அக்கா கேட்டுக்கொண்டதால், 1895ஆம் ஆண்டில் ஓய்வு கிடைத்த நேரத்திலெல்லாம் எழுதினார். 1897இல் நோய் முற்றி, பேனாவைப் பிடிக்கவும் வலிவில்லாமல் கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு அக்காவே பல இடங்களில் திருத்தி, மெருகேற்றி, நூலாக வெளியிட்டார். தங்கையின் எழுத்து நன்றாக அமைய வேண்டும் என்ற அன்புதான் காரணம். ஆனால் தெரேசம்மாள் தம் கையால் எழுதியது எழுதியபடியே வேண்டும் என்று பின்னர் பலரும் விரும்பினார்கள். 1956இல் அந்த நோட்டுகளை அப்படியே படமெடுத்து அச்சிட்டார்கள். அந்தப் பென்சில் எழுத்தைப் பற்றிப் படித்தபோது, நான் 19 மதிப்பெண் போட்ட நோட்டில் இருந்த நான்கு நாள் பென்சில் நினைவுக்கு வந்தது. அதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பின்னர் கேட்டேன். ரீபில் தீர்ந்துவிட்டதாம், புதிது வாங்க நான்கு நாள் ஆயிற்றாம்.

பிறகு நாங்கள் இருவரும் 34 நோட்டுகளையும் முதலிலிருந்து படித்தோம். இம்முறை எட்டு நாள் பிடித்தது. என் தோழிக்கு ஓர் ஐயம். “அப்படியானால் இனிமேல் கிறுக்கி எழுதினால்தான் உண்மை என்பாயா? அழகாக எழுதியவள் செய்த குற்றம் என்ன?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கிறுக்கலான நோட்டுகளில் பாதி வெறும் சோம்பல்தான் என்பதையும் இரண்டாம் முறை படித்தபோது கண்டோம். கடைசி இடம் பெற்ற நோட்டு கடைசியிலேயே நின்றது. 30 நாளையும் அவள் ஒரே இரவில் எழுதியிருக்கிறாள் என்பது எங்களுக்கே விளங்கிவிட்டது.

அழகு எப்போது எழுத்துக்கு உதவுகிறது என்பதை வேறொரு நோட்டில் கண்டோம். அதை எழுதியவள் பக்க ஓரத்தில் நாள்தோறும் மூன்று சின்னக் கட்டங்கள் வரைந்திருந்தாள். பாட்டிக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுத்ததும் ஒவ்வொரு கட்டத்துக்கும் வண்ணம் தீட்டுவாள். முதல் தடவை ‘வெறும் கட்டங்கள்’ என்று அழகுக்கு 4 போட்டிருந்தோம். 19ஆம் தேதியிலிருந்து கட்டங்கள் இல்லை. பாட்டி இறந்த செய்தியை அவள் எழுத்தில் நான்கு வரியாக எழுதியிருந்தாள். அதன்பின் வந்த நாள்களில் அந்த ஓரம் வெறுமையாகவே இருந்ததைப் பார்த்ததும் என் தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதை எழுத அவளும் அனுமதி தந்தாள். முதற்பரிசு அந்த நோட்டுக்குத்தான்.

வெல்வெட் அட்டைக்காரியையும் குறை சொல்ல மாட்டேன். கதிரவனையும் பறவைகளையும் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் நாங்களும் சேர்த்தி. அவள் நோட்டிலும் ஒரு பக்கம் இருக்கிறது. 21ஆம் தேதி. அன்று கதிரவன் இல்லை. உயிர்த்தோழி தன்னிடம் பேசாமல் போனதை எழுதியிருக்கிறாள். பூக்கொடியும் பாதியிலேயே நின்றுவிட்டது. இரண்டாம் முறைதான் அந்தப் பக்கத்தை நாங்கள் படித்தோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மதிப்பெண் தாளையும் மாற்றினோம். அழகு, கையெழுத்து, பக்க அமைப்பு மூன்றையும் ஒன்றாக்கி, ‘படிப்பவருக்கு உதவுகிறதா, எழுதியதோடு பொருந்துகிறதா’ என்று 10 வைத்தோம். நோட்டை மூடிய பிறகு நினைவில் நிற்பதற்கு 20. நடைக்கு 10. பிழையின்மைக்கு உரிய 10 மட்டும் அப்படியே இருந்தது. தமிழாசிரியை அதில் ஒரு மதிப்பெண்ணையும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய கணக்கு நோட்டு 36 பெற்று மூன்றாம் பரிசுக்கு வந்தது. ‘ழ’வும் ‘ள’வும் மட்டும் சரியாக இருந்திருந்தால் இரண்டாவதாக வந்திருக்கும்.

இனி நான் சொல்லாமல் விட்டது. அந்த நோட்டில் ஒட்டியிருந்த இரண்டு பக்கங்களை முதல் நாள் மாலையிலேயே சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நடுவராக இருப்பதால் எல்லாவற்றையும் பார்க்கும் உரிமை எனக்கு உண்டு என்று அப்போது எண்ணினேன். ஆராய்ச்சியாளர்கள் ஆனின் பக்கங்களுக்கு ஒளி பாய்ச்சியபோது அவள் இறந்து 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அப்போதும் அது சரிதானா என்று பலர் கேட்டார்கள். இந்த நோட்டை எழுதியவளோ அடுத்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்தாள்.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்த நாளில் அவள் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. நேராக அந்த ஒட்டிய பக்கத்தைத்தான் புரட்டிப் பார்த்தாள். பசை விடாமல் இருந்தது. நான் அவளை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னேன்.

“படிச்சீங்களா அக்கா?” என்றாள்.

“படிக்க முடியவில்லை. இரண்டு சொல் மட்டும் தெரிந்தது.”

“எந்த ரெண்டு?”

சொன்னேன். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

“அது பரவாயில்லை அக்கா” என்று சொல்லிவிட்டு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.